தழும்பு சொல்லும் வயது

கையால் செய்த பழைய கண்ணாடிக் கோலிக்குண்டை அதன் முனையில் உள்ள தழும்பைக் கொண்டு அடையாளம் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள லாவ்ஷா என்ற ஊர் இவற்றுக்குப் பெயர்பெற்றது. வண்ண இழைகள் பொதிந்த கண்ணாடிக் கோலைச் சூட்டில் இளக்கி முறுக்குவார்கள். பிறகு, முனையில் கிண்ணம் பதித்த கத்தரியால் உருண்டை உருண்டையாக அறுத்தெடுப்பார்கள். அறுபட்ட இடம்தான் தழும்பு. அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905இல் உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரங்கள் பெருகப் பெருக அந்தத் தழும்பும் மறைந்தது.

தெளிந்த கண்ணாடிக்குள் நாயோ ஆடோ பறவையோ நிற்கும் குண்டுகள் தனி அழகு. உள்ளே இருப்பது வெண்களிமண் உருவம். அதைச் சுற்றிய மெல்லிய காற்றுப்படலமே வெள்ளிபோல் மின்னுகிறது.

விளையாடிய குண்டில் அடிபட்ட இடங்கள் பிறைப் பிறையாகத் தெரியும். சுழலும் மூன்று கிண்ணங்களுக்கு நடுவே குண்டை உருட்டி, வைரப்பொடியால் தேய்த்து, சீரியம் ஆக்சைடால் மெருகேற்றினால் கீறல் போய்விடும். ஆனால் மேல்தோலும் தழும்பும் சேர்ந்தே போகும், குண்டும் சிறுக்கும். அதனால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு குறையும். உள்ளிருக்கும் வண்ணமே தெரியாதபடி மங்கிப்போன குண்டுக்கு மட்டுமே இந்தச் சிகிச்சை தகும். மற்றவற்றுக்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். திடீர்ச் சூடு பட்டால் பழைய கண்ணாடி விரிசல் விடும்.