மூன்று பாஸ் கிட்டார், ஒரே தரை

பாஸ் கிட்டார் கலைஞர்கள் மூன்று பேர். மூன்று பேருமே அசாத்தியக் கெட்டிக்காரர்கள். ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தால் என்ன ஆகும்? இயற்பியலைக் கேட்டால், கொழகொழவென்று ஒரு சேறுதான் மிஞ்சும் என்று சொல்லும். ஆனால் ஸ்டான்லி கிளார்க், மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் மூவரும் சேர்ந்து வாசித்தபோது அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஆட்களைப் பற்றி. ஸ்டான்லி 1951-ல் பிறந்தவர், பிலடெல்ஃபியாக்காரர். 1976-ல் வந்த ‘ஸ்கூல் டேஸ்’ ஆல்பத்தில் பாஸ் கிட்டாரையே முன்வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர். மார்கஸ் 1959-ல் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் ‘டூட்டூ’ (1986) ஆல்பத்தின் பெரும்பகுதியை எழுதியவர். விக்டர் 1964-ல் பிறந்தவர். பேன்ஜோ கலைஞர் பேலா ஃப்ளெக்கின் ‘ஃப்ளெக்டோன்ஸ்’ குழுவில் வாசித்துப் பெயர் வாங்கியவர். இளையவர்கள் இருவரும் ஸ்டான்லியைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

2006-ல் நியூயார்க்கில் ‘பாஸ் பிளேயர்’ பத்திரிகை ஸ்டான்லிக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அந்த நிகழ்ச்சியில் மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். அதுதான் தொடக்கம். 2008-ல் எஸ்.எம்.வி. என்று முதலெழுத்துகளையே பெயராக வைத்து ‘தண்டர்’ என்ற ஆல்பம் போட்டார்கள், பிறகு ஊர் ஊராகக் கச்சேரியும் செய்தார்கள். ஆல்பத்தின் முதல் துண்டின் தலைப்பு ஸ்பானிய மொழியில் இருக்கிறது. தமிழில் சொன்னால் ‘தாழ்ந்த அதிர்வெண்களின் வித்வான்கள்’. கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் பிரச்சினை முழுக்க அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

சேறு எங்கிருந்து வருகிறது?

நாலு கம்பி பாஸ் கிட்டாரில் கம்பிகளைச் சும்மா மீட்டினால் வரும் அதிர்வெண்கள் சுமாராக 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நம் காது தாழ்ந்த ஒலிகளைத் தரம் பிரிப்பதில் அவ்வளவு சமர்த்து இல்லை. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழும் ஒலிகளை ஒரே கட்டாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். நாலு கம்பிகளின் அடிப்படை ஒலிகளும் அந்த ஒரே கட்டுக்குள் அடங்கிவிடுகின்றன, பாருங்கள்.

ஓர் உதாரணம். 41 ஹெர்ட்ஸை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே அந்தர காந்தாரம் சுமார் 52 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து வாசித்தால் இனிமையாக ஒலிக்காது, உறுமும். அதே காந்தாரத்தை ஒரு ஸ்தாயி மேலே, 104 ஹெர்ட்ஸில் எடுத்தால் உறுமல் போய்விடும். சுரங்கள் அதேதான், இடைவெளி மட்டும்தான் மாறியது. தனியாக வாசிக்கும் பாஸ் கலைஞர்கள் இரண்டு சுரங்களைச் சேர்த்து எடுக்கும்போது இப்படி விரித்து வைப்பது இதனால்தான்.

சரி, மூவரும் ஒரே சுரத்தை வாசித்தால்? அதிலும் சிக்கல். ஒருவருடைய கம்பி இன்னொருவருடையதைவிட அரை ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தாலும் போதும், இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஒலி வீங்கி வடியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் விம்மல்கள் என்று படித்தோமே, அதுதான்.

இதற்கு மேல் அரங்கமும் சேர்ந்துகொள்ளும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு பெரிய அலை சுவர்களுக்கு இடையே முட்டி மோதி நிலை அலைகளாகிவிடும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் வயிறு அதிரும், நாலு நாற்காலி தள்ளிப் போனால் அதே சுரம் காணாமல் போகும். ஒரு பாஸ் கிட்டாருக்கே இந்தக் கதி. மூன்று என்றால்?

ஒருவரை இடப்பக்கம், ஒருவரை வலப்பக்கம், ஒருவரை நடுவில் வைத்துவிட்டால் தீராதா என்று கேட்கலாம். பாதிதான் தீரும். மிகத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சரியாகச் சொல்ல முடியாது. பல அரங்குகளில் அடி ஒலிபெருக்கிகளுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் அனுப்புகிறார்கள். இடம் வலம் என்று நமக்குத் தெரிவதெல்லாம் மேலே இருக்கும் ஒலிகளால்தான்.

‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ (1984) என்ற நகைச்சுவைப் படத்தில் ஒரு ராக் குழுவின் கிட்டார்காரர்களும் பாஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடும் ஒரு பாட்டு உண்டு. பாஸ் கிட்டார்கள் கூடக் கூட அபத்தம் கூடும் என்பதுதான் அங்கே ஜோக்.

தொனி என்பது ஓர் இருப்பிடம்

ஒரே சுரத்தை வாசித்தாலும் மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அடிப்படை ஒலியோடு கலந்து வரும் மேற்சுரங்களின் விகிதம். இன்னொன்று, விரல் கம்பியைத் தொட்டு விடும் அந்த முதல் கணத்தின் சத்தம். வாத்தியம் எது, வாசிப்பவர் யார் என்று காது அடையாளம் கண்டுகொள்வதில் அந்த முதல் கணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த இரண்டும் 41 ஹெர்ட்ஸில் இல்லை. பல நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரங்கள் வரை போகின்றன. அங்கே நெரிசல் கிடையாது, இடம் தாராளம். மூவரும் பிரிந்து நிற்பது அந்த மாடியில்தான்.

ஸ்டான்லி ஆதியில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பாஸ் கலைஞர். அந்தத் தடித்த கம்பிகளை இழுத்துப் பழகிய கை. அவருடைய அலெம்பிக் பாஸ் கிட்டாரில் கம்பி நீளம் 30¾ அங்குலம்தான், வழக்கமான பாஸ் கிட்டாரில் 34. நீளம் குறைந்தால் அதே சுரத்துக்குக் கம்பியின் இழுவிசையும் குறையும். வளைக்கலாம், நாலு கம்பியையும் சேர்த்து வாரி அடிக்கலாம். உள்ளே இருக்கும் மின்சுற்றும் சாதாரணத் தொனித் திருகி இல்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தூக்கிக் காட்டி, அதற்கு மேலே இருப்பதை வடிகட்டும். கணீரென்று, கொஞ்சம் மூக்கால் பேசுவது போன்ற குரல். நடுப்பகுதி அவருடையது.

மார்கஸ் வைத்திருப்பது 1977-ஐச் சேர்ந்த ஃபெண்டர் ஜாஸ் பாஸ். நியூயார்க்கில் கிட்டார் செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி அதற்குள் ஒரு ப்ரீஆம்ப் வைத்துக் கொடுத்தார். அடியையும் உச்சியையும் தூக்குகிறது அது. இரண்டு பிக்-அப்பையும் முழுதாகத் திறந்து வைத்தால் நடுவில் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆக, கீழே கனமான தரை, மேலே பளிச்சென்ற தெறிப்பு, நடுவில் பள்ளம். ஸ்டான்லியின் குரல் வந்து உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான் என்பது என் கணிப்பு. கேட்டுப் பாருங்கள்.

விக்டருடையது ஃபொடேரா மொனார்க். அவருடைய அடையாளம் வாத்தியத்தைவிடக் கையில்தான் அதிகம். கட்டைவிரலைக் கீழே போகும்போதும் ஒரு தட்டு, மேலே வரும்போதும் ஒரு தட்டு என்று பிளெக்ட்ரம் மாதிரி பயன்படுத்துவார். சுரங்கள் குட்டிக் குட்டியாக, நடுவில் இடைவெளியோடு விழும். ஒலி நீண்டால்தானே சேறு? சட்டென்று வெட்டிவிட்டால் அடுத்தவருக்கு வழி கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. கம்பிகளைச் சுருதி உயர்த்திக் கட்டுவது. டெனர் பாஸ் என்றால் நாலு கம்பியும் ஒரு மத்யமம் மேலே, 55 ஹெர்ட்ஸில் தொடங்கும். பிக்கலோ பாஸ் என்றால் ஒரு ஸ்தாயியே மேலே, சாதாரண கிட்டாரின் கடைசிக் கம்பி இருக்கும் இடத்தில் தொடங்கும். ஸ்டான்லி இரண்டையும் வாசிப்பவர், விக்டரிடமும் டெனர் பாஸ் உண்டு. ‘தண்டர்’ ஆல்பத்தில் ஸ்டான்லி டபுள் பாஸையும் எடுக்கிறார், வில் போட்டும் வாசிக்கிறார். வில் பட்ட ஒலி நீண்டு போகும், தட்டிய ஒலி உடனே சாகும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

தரையில் நிற்பது யார்?

இதெல்லாம் ஒலியைப் பிரிக்கும் ஏற்பாடு. இதைவிட முக்கியமானது வேலையைப் பிரிப்பது.

மிருதங்கம், கடம், கஞ்சிரா சேர்ந்த தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு முறை வைத்து வாசிப்பது புதிதல்ல. ஒருவர் வாசிப்பார், அடுத்தவர் பதில் சொல்வார், சுற்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் கோர்வையில் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே சுருதியைத் தம்புரா பார்த்துக்கொள்கிறது. ஜாஸ்-ஃபங்க் இசையில் அந்த மாதிரி நிலையான ஆதாரம் கிடையாது. ஆதார சுரம் கார்டுக்குக் கார்டு மாறும், அது எது என்று காதுக்குச் சொல்வதே பாஸ் கிட்டார்தான். மேலே கீபோர்டில் ச-க-ப என்று மூன்று சுரங்கள் ஒலிக்கின்றன என்று வையுங்கள். அடியில் ‘ச’ வந்தால் அது மகிழ்ச்சியான கார்டு. அடியில் ‘த’ வந்தால் அதே மூன்று சுரங்களும் சட்டென்று சோகமாகிவிடும். மேலே யாரும் விரலை அசைக்கவே இல்லை, தரை மாறியது, அவ்வளவுதான்.

அப்படியென்றால், மூவரும் ஒரே நேரத்தில் மேலே ஏறிப் பறந்தால் பாட்டுக்குத் தரை இருக்காது. மூவரும் கீழே இறங்கினால் சேறு. ஒவ்வொரு நொடியும் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கீழே நின்றாக வேண்டும். கைதட்டல் மேலே இருப்பவருக்குத்தான் போகும் என்று தெரிந்தே நிற்க வேண்டும். இவர்கள் வாசிப்பில் நான் பெரிதாக மதிப்பது இந்த மாற்றத்தைத்தான். ஒருவர் தனி வாசிப்பை முடித்து இறங்கும்போது, கீழே நின்றவர் சத்தமில்லாமல் இடத்தைக் கைமாற்றிக் கொடுப்பார். பெரும்பாலும் நாம் கவனிப்பதே இல்லை.

கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறை பிறந்த கதையும் இங்கே பொருத்தம். லாரி கிரகாம் தன் அம்மாவோடு சிறு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது டிரம்மர் இல்லாமல் போயிற்று. அந்தக் குறையை மறைக்கக் கட்டைவிரலை பாஸ் டிரம்மாகவும், இழுத்துவிடும் விரலை ஸ்நேர் டிரம்மாகவும் ஆக்கினார். வித்தை காட்டப் பிறந்த முறை இல்லை, ஓட்டையை அடைக்கப் பிறந்தது. மூன்று பேரும் சேர்ந்து ஸ்லாப் வாசிக்கும்போது மூன்று டிரம்மர்கள் வாசிப்பதாக நினைத்துக் கேட்டால் விஷயம் பிடிபடும். ஒருவர் அடிக்கும் இடத்தில் மற்றவர் அடிக்க மாட்டார்.

இதெல்லாம் வெறும் சர்க்கஸ் என்று சொல்பவர்கள் உண்டு. சில இடங்களில் அது உண்மையும்கூட. மூவரும் மாறி மாறி வேகத்தைக் காட்டும்போது, நாலாவது நிமிஷத்தில் எனக்கும் காது அலுத்துவிடும். ஆனால் வேகம் மட்டுமே இருந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே சேறாகியிருக்கும். நாலு நிமிஷம் தெளிவாகக் கேட்கிறது என்றால், அந்த நேரம் முழுக்க இருவர் ஏதோ ஒன்றை வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அது 41 ஹெர்ட்ஸ் பக்கமே போகாது. மேற்சுரங்களை வைத்து மூளையே சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அதனால் பாட்டு புரியும், ஆனால் தரை கேட்காது. நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் தடவை மேலே வாசிப்பவரைத் தொடருங்கள். இரண்டாம் தடவை அவரை விட்டுவிட்டுக் கீழே நிற்பவரை மட்டும் தேடுங்கள். அவர் எத்தனை குறைவாக வாசிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.