சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள்!



பிழைப்பை நாடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறியிருக்கிற நாம், பிள்ளையை எல்.கே.ஜி. வகுப்பில் சேர்க்கப் புறப்படும்போது எவற்றை விசாரிக்கிறோம்? கட்டணம் எவ்வளவு, வேன் வருமா, ஆங்கிலம் நன்றாகக் கற்பிப்பார்களா என்றே கேட்கிறோம். "இங்கே பிள்ளைகள் படம் வரைகிறார்களா? பாடுகிறார்களா? நடித்துக் காட்டுகிறார்களா?" என்று கேட்பவர்கள் வெகு சிலரே. அதெல்லாம் பொழுதுபோக்கு என்று அநேகர் எண்ணிவிடுகிறார்கள்.

ஆனால் நம் பிள்ளையின் நிலையைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி அல்லது கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். இவற்றின் நடுவே நான்கு வயதுப் பிள்ளை வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல அதற்கு வார்த்தை இல்லை. அதே பிள்ளையின் கையில் ஒரு கிரேயானைக் கொடுங்கள். தாத்தா வீட்டுக் கிணற்றையும், தன்னைத் துரத்திய நாயையும் வரைந்து காட்டிவிடும். மொழி தெரியாத இடத்தில் படமும் பாட்டும் களிமண்ணுமே பிள்ளையின் முதல் மொழி. ஆகையால் மற்றவர்களைக் காட்டிலும் நமக்கே இந்தக் கேள்வி அவசியமானது.

ஓர் இத்தாலிய நகரம் காட்டிய வழி

வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்றொரு நகரம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், அதன் அருகேயுள்ள ஒரு கிராமத்தார், ஜெர்மானியப் படையினர் விட்டுச்சென்ற டாங்கியையும் டிரக்குகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினர். அதைக் கேள்வியுற்ற லோரிஸ் மலகுட்சி என்னும் ஆசிரியர் சைக்கிளில் போய்ப் பார்த்து, அவர்களோடு இணைந்துகொண்டார். 1963-இல் நகராட்சியே முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. அந்நகரப் பள்ளிகளில் கலைக்கென்று தனி அறையும், கலை பயின்ற ஓர் ஆசிரியரும் இருப்பது வழக்கமாயிற்று. 1991-இல் அமெரிக்காவின் நியூஸ்வீக் இதழ் உலகின் தலைசிறந்த பத்துப் பள்ளிகளைத் தெரிந்தெடுத்தபோது, அந்நகரின் டயானா பள்ளியும் அவற்றுள் ஒன்றாயிற்று.

நம் தேசத்திலும் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலையாக வகுத்தது. 2022-இல் வெளியான அதன் பாடத்திட்டச் சட்டகம், கலையுணர்வு வளர்ச்சியைப் பிள்ளையின் வளர்ச்சித் துறைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆகவே, பள்ளியில் இதைப்பற்றி விசாரிக்க நீங்கள் தயங்கவேண்டியதில்லை.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, சுவரைப் பாருங்கள். முப்பது யானைகளும் ஒரே அச்சில், ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால், அங்கே பிள்ளைகள் வரையவில்லை. வண்ணம் மட்டுமே பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு யானையும் ஒவ்வொரு விதமாக இருந்து, கீழே பிள்ளை சொன்ன சொற்களை ஆசிரியை எழுதி வைத்திருந்தால், அது நல்ல அடையாளம்.

இரண்டாவது, பொருட்கள் எங்கே இருக்கின்றன? பூட்டிய அலமாரியிலா, பிள்ளையின் கைக்கெட்டும் தட்டிலா? விலையுயர்ந்தவை தேவையில்லை. களிமண், பழைய செய்தித்தாள், இலை, விதை, தையற்கடைத் துண்டுத்துணி ஆகியவையே போதும்.

மூன்றாவது, ஆசிரியையின் பேச்சைக் கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை மனிதனை வரைந்தால், பெரும்பாலும் தலையிலிருந்தே கால்கள் முளைக்கும். அது பிழையன்று, வளர்ச்சியின் ஒரு படி. அதை அழித்துத் தானே வரைந்து கொடுப்பவரைவிட, "இதைப்பற்றி எனக்குச் சொல்" என்று கேட்பவரே நல்ல ஆசிரியை.

நான்காவது, நேரம். வெள்ளிக்கிழமையின் கடைசிப் பீரியட் மட்டுமா, அல்லது அன்றாடப் பாடத்தோடு கலையும் சேர்ந்து வருகிறதா? இலையை எண்ணுகிறவர்கள் அதை வரையவும் செய்கிறார்களா?

ஐந்தாவது, ஆண்டு விழாவைக் கண்டு மயங்காதீர்கள். வாடகை உடையும் பேரொலியும் கலைக்கல்வி ஆகிவிடா. கூச்சமுள்ள பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்ததா, சாதாரண நாட்களிலும் பாட்டும் கதையும் உண்டா என்று விசாரியுங்கள்.

அன்பானவர்களே, இந்த அடையாளங்கள் பெரிய கட்டடத்தில் இல்லாமலும், சந்துக்குள் இருக்கும் சிறு பள்ளியில் நிறைவாகவும் இருக்கக்கூடும். பிள்ளையை ஏற்கெனவே வேறுவிதமான பள்ளியில் சேர்த்துவிட்டீர்களா? கலங்க வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதைப்பற்றியும் மரியாதையாகக் கேளுங்கள். வீட்டிலே வெற்றுத்தாளும் வண்ணமும் கொடுங்கள். வரைந்ததைப் பற்றிப் பிள்ளை சொல்லும்போது, நம் தாய்மொழியில், பொறுமையாய்ச் செவிகொடுங்கள். பள்ளிப் பையில் கசங்கி வரும் படத்தைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். நாள் முழுவதும் சொல்ல முடியாமற்போன ஏதோ ஒன்றை உங்கள் பிள்ளை அதில் எழுதியிருக்கலாம்.