மலையேறும் பஸ்ஸும் மண்ணெண்ணெயும்

2022 ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஆட்டோ டீசல் 430 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. பவுசர் எப்போது வருமென்று தெரியாத அந்த நாட்களில் தனியார் பஸ்கள் பல டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடியது நாடறிந்த சங்கதி. அதே மண்ணெண்ணெய்க்குத்தான் தேயிலைத் தோட்ட லயன்களில் இருந்தவர்களும் கேனோடு வரிசையில் நின்றார்கள். 21ஆம் திகதி நள்ளிரவு விலை 340 ரூபாவானதும் கலப்பில் இருந்த ஆதாயம் சுருங்கியது. லயன் அடுப்புக்கும் சேர்த்தே அடி விழுந்தது.

மலையேறும் பஸ்கள் கக்கும் கறுப்புப் புகை என்பது அரைகுறையாக எரிந்த எண்ணெயின் கரி. எஞ்சினுக்குள் தூவலாகப் பீச்சப்படும் டீசலுக்கு ஒட்சிசன் போதாத இடத்தில் கரித்துகள் பிறக்கிறது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு; எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு. டர்போ இல்லாத பழைய பஸ் ஆட்களை அடைத்துக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் கீழ் கியரில் ஏறும்போது, புகை எப்படியிருக்கும் என்று பின்னால் வரும் முச்சக்கரவண்டிச் சாரதிக்கு விளக்க வேண்டியதில்லை.

மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, சீக்கிரம் ஆவியாகும். ஆரம்பத்தில் புகை குறைந்ததுபோலக்கூடத் தெரியலாம். வில்லங்கம் பிறகுதான். பம்புக்கும் நொசிலுக்கும் வழவழப்புக் கொடுப்பது டீசலே; மண்ணெண்ணெயில் அது போதாது. நொசில் தேய்ந்தால் தூவலாக வரவேண்டியது ஒழுகும், ஒழுகியது கரும்புகையாகும். மிச்சம்பிடித்த காசு கராஜுக்குப் போகும்.

தாவர எண்ணெயில் செய்யும் உயிரி டீசல் வேறு வகை. அதன் எடையில் பத்து வீதத்துக்கு மேல் ஒட்சிசன். கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் 2002ஆம் ஆண்டு ஆய்வின்படி, கனரக எஞ்சின்களில் 20 வீதம் கலந்தால் துகள்கள் ஏறத்தாழ 10 வீதமும், முழுவதும் அதுவே என்றால் 47 வீதமும் குறைகின்றன. நைதரசன் ஒட்சைட்டு கொஞ்சம் கூடும். இந்தோனேசியா பாம் எண்ணெயில் இதைச் செய்கிறது. நமக்கு அது சரிவராது: சுத்தமான பாம் டீசல் 15 பாகை செல்சியசை ஒட்டியே கலங்கத் தொடங்கும், நுவரெலியாவில் ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனியே விழுகிறது. தேங்காயெண்ணெயை ஊற்றலாமென்றால், கறிக்கே விலை கட்டவில்லை.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. ஹட்டன் வீதியோரமாகப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள், மாற்று எரிபொருள் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் எஞ்சினைத் துடைப்பது போதாது. பஸ் முதலாளிமாரே, ஏப்ரல் வசந்தகால நெரிசலுக்கு முன் எயார் ஃபில்டரை மாற்றுங்கள், நொசிலைக் கழற்றிச் சோதியுங்கள்.