உடம்பெல்லாம் சேறு... வழியெல்லாம் அட்டை!

அருவி என்றால் நமக்கெல்லாம் குற்றாலம்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் பத்து நிமிஷத்தில் தண்ணீர். எண்ணெய் மசாஜ், மிளகாய் பஜ்ஜி, 'யோவ், தள்ளிக் குளிய்யா' சண்டை, ஈரத் துண்டோடு ஒரு குரூப் போட்டோ. அவ்ளோதான், மேட்டர் ஓவர்!

ஆனால் பஸ் போகாத, பஜ்ஜி கிடைக்காத, செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காத அருவிகளும் இருக்கின்றன மக்கா. அதில் ஒன்று, கர்நாடகாவின் ஷிவமொக்கா மாவட்டத்தில் இருக்கும் ஹிட்லுமனே. எம்.ஜி.ஆர். தங்க வாள் காணிக்கை கொடுத்த கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்கு நம் ஊரிலிருந்து வேன் வேனாகப் போகிறார்கள் இல்லையா... அந்தக் கோயிலுக்குப் பின்னால் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதே, அதுதான் கொடசாத்ரி மலை. உயரம் 1,343 மீட்டர். உச்சியில் ஆதிசங்கரர் தவம் செய்ததாகச் சொல்லப்படும் சின்னக் கல் மண்டபம். பக்தர்கள் ஜீப்பில் போவார்கள். அந்த ஜீப் சவாரி பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், முதுகெலும்பு பிழைத்துக் கிடந்தால்! காலை நம்புகிறவர்கள் நிட்டூர் பக்கமிருந்து காட்டுக்குள் நுழைந்து, ஹிட்லுமனே அருவியை ஒட்டியே பாறை பாறையாக ஏறி, புல்வெளி தாண்டி உச்சிக்குப் போவார்கள்.

நாங்கள் காலை நம்பினோம். 2022 செப்டம்பர் கடைசியில் கோவையிலிருந்து பதினோரு பேர். ராத்திரி ரயில் ஏறி மங்களூரு, அங்கிருந்து பஸ்ஸில் கொல்லூர், மறுபடி ஒரு பஸ்ஸில் மலைக்கு அந்தப் பக்கம் நிட்டூர். எங்கள் தலைவி ஒரு சீனியர் அக்கா. மேற்குத் தொடர்ச்சி மலையில் முக்கால்வாசியை நடந்தே பார்த்தவர். கிளம்பும் முன்னாடி ராத்திரி அவர் ஒரே ஒரு ரூல் போட்டார். "வழியில யாராவது ஒருத்தர் வேணாம்னு சொன்னா, பதினோரு பேரும் திரும்பணும். ஏன்னு கேக்கக் கூடாது, கிண்டல் பண்ணக் கூடாது. ஓகேவா?" ரேகிங்கில் தலையாட்டுவது மாதிரி எல்லோரும் ஆட்டினோம். அந்த ரூலுக்கு வேலை வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சேறு... சேறு... சேறோ சேறு!

இந்தப் பகுதி மழைக்குக் கணக்கே வேறு. பக்கத்திலிருக்கும் ஆகும்பேயில் வருஷத்துக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. சென்னைக்கு வருஷம் பூராவும் கிடைப்பது சுமார் 1,400. அதாவது சென்னையின் ஐந்து வருஷத்து மழையை இவர்கள் ஒரே வருஷத்தில் குளித்துவிடுகிறார்கள். (நம்ம சென்னை பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் ஆரம்பித்த ராமுலஸ் விட்டேகர்தான், ராஜநாகத்தைப் படிப்பதற்காக 2005-ல் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் தொடங்கினார். அப்ப, இந்தக் காட்டில் வேறு யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று புரிகிறதா?)

காலை ஏழு மணிக்கு நடை. முதல் அரைமணி நேரம் பாக்குத் தோப்பு, வாய்க்கால், நாய்க்குட்டி என்று ஜாலியாகப் போனது. அப்புறம் செம்மண். ஈரச் செம்மண் ஒரு விநோதமான பிராணி. அடியெடுத்து வைக்கும்போது சறுக்கும், காலைத் தூக்கும்போது விடாது. பத்தடி நடந்தால் ஷூவுக்கு அடியில் இன்னொரு ஷூ முளைத்திருக்கும். கையைப் பிடித்துத் தூக்கிவிடப் போனவன் தானும் சேர்ந்து விழுவான். எட்டரை மணிக்கெல்லாம் எங்களில் யார் எந்தக் கலர் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஒரே யூனிஃபார்ம்!

வழிகாட்டியாக வந்த உள்ளூர் அண்ணா போட்டிருந்தது சாதாரண பிளாஸ்டிக் செருப்பு. நாலாயிரம் ரூபாய் ஷூவோடு வந்திருந்த மெக்கானிக்கல் பையன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். மூன்றாவது ஓடைக்குள் அவர் இறங்கி ஏறியதும் செருப்பு சுத்தமாகிவிட்டது. இவன் ஷூவுக்குள் அரை லிட்டர் தண்ணீரும் கால் கிலோ மணலும் சாயங்காலம் வரை கூடவே வந்தன.

அவர் தமிழ் பேசவில்லை, நாங்கள் கன்னடம் பேசவில்லை. ஆனாலும் பேச்சு ஓடியது. "நிதானா... நிதானா" என்பார். மெதுவாக வா என்று அர்த்தம். நம்ம 'நிதானம்'தான்! நீர் அவருக்கு 'நீரு', வேண்டாம் 'பேடா'. அந்தக் கடைசி வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். மெதுவாக நடக்கும் ஒரு ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சியைத் தனக்கு அடுத்ததாக நிற்க வைத்து, மற்றவர்களைப் பின்னால் வரச் சொன்னார். ஃபைனல் இயர் சிங்கங்களுக்குச் செம கடுப்பு. ஆனால் மலையில் அதுதான் சரி. வேகமானவர்கள் முன்னால் போனால், ஒரு இடத்தில் உட்கார்ந்து ரெஸ்ட் எடுப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்க வந்து சேரும்போது "கிளம்பலாமா?" என்பார்கள். யாருக்கு ரெஸ்ட் தேவையோ அவர்களுக்கு அது கிடைக்காது. களைத்த கால்தான் சறுக்கும்.

ரத்ததான முகாம்!

இப்போது ஹீரோ என்ட்ரி. அட்டை! மண்ணில் ஒரு நூல் துண்டு மாதிரி நிமிர்ந்து நின்று தலையை ஆட்டும். நம் காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து வந்து ஒட்டும். கடிப்பது தெரியவே தெரியாது. மூன்று தாடையால் கீறி, ரத்தம் உறையாமலிருக்க ஹிருடின் என்ற ஒரு சமாசாரத்தையும் உள்ளே விடுகிறது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் கசிகிறது. பார்க்கத்தான் பயங்கரம். இழக்கும் ரத்தம் கொஞ்சம்தான்.

பிடித்து இழுக்காதீர்கள். விரல் நகத்தால் வாய்ப் பக்கத்தை மெதுவாக நெம்பினால் போதும். நம் அண்ணாவிடம் ஒரு குச்சி. நுனியில் துணியில் கட்டிய உப்பு மூட்டை. நனைத்து ஷூ மேலும் காலுறை மேலும் ஒற்றிவிட்டார். மழை அதைக் கழுவிக்கொண்டே இருந்தது, அவர் ஒற்றிக்கொண்டே இருந்தார். அட்டைக்கு அந்தப் பக்கத்துப் பேர் 'இம்பளா'. அந்த வார்த்தையைக் கேட்டாலே எங்கள் குழுவில் ஒருத்தன் பரதநாட்டியம் ஆட ஆரம்பித்துவிடுவான்.

அட்டையைவிட உண்மையான வில்லன்கள் வேறு. ஒன்று, உண்ணி. 'குரங்குக் காய்ச்சல்' என்கிற கியாசனூர் காட்டு நோய் 1957-ல் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இந்த ஷிவமொக்கா மாவட்டத்தில்தான். உண்ணி கடித்துத்தான் பரவும். மழை முடிந்து டிசம்பரிலிருந்து மே வரை அதன் சீஸன். குரங்கு செத்துக் கிடப்பதைப் பார்த்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரண்டாவது, எலிக்காய்ச்சல். காலில் காயத்தோடு சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் நடந்தால் வரலாம். ஊர் திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கடுமையான தசை வலி வந்தால், டாக்டரிடம் 'காட்டுக்குப் போனேன், சேற்றில் நடந்தேன்' என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒரு வார்த்தை

பத்தரை மணிக்குச் சத்தம் கேட்டது. லாரி ஒன்று மலை ஏறுவது மாதிரி ஒரு உறுமல். இன்னும் பதினைந்து நிமிஷம் சேறு, ஒரு வளைவு... அவ்வளவுதான். கறுப்புப் பாறையில் படிப்படியாக வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் அறைந்தது. அதுவரை "ஏன்டா வந்தோம்" என்று புலம்பிய அத்தனை பேரும் கப்சிப். ஒருத்தன் மட்டும் யாரையும் பார்க்காமல் கத்தினான். வார்த்தை எதுவும் இல்லை, சும்மா கத்தினான்.

எங்கள் திட்டப்படி இது பாதி வழி. இங்கிருந்து அருவியை ஒட்டிப் பாறையேறி உச்சிக்குப் போக வேண்டும். பிஸ்கெட் பாக்கெட் பிரிக்கும்போது மழை பிடித்தது. அண்ணா சாப்பிடவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் மாதிரி இருந்த தண்ணீர் கொஞ்சம் டீ கலரானது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. அவர் பாறையைக் காட்டித் தலையை ஆட்டினார். "பேடா. நீரு ஜாஸ்தி."

ஆரம்பித்தது பஞ்சாயத்து. 'இவ்ளோ தூரம் வந்துட்டு...', 'மழை அஞ்சு நிமிஷத்துல நின்னுடும் மச்சி', 'போன வருஷம் என் கஸின் இதுலதான் ஏறினான்' என்று ஆளாளுக்கு ஒரு வசனம். ஏறலாம் என்று ஆறு பேர் சத்தமாகச் சொன்னார்கள். மீதிப் பேர் பிஸ்கெட்டைப் பார்த்தோம். இதில்தான் விஷயமே இருக்கிறது. பயமில்லாமலா இருந்தோம்? பதினோரு பேரில் முதல் ஆளாக 'எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்லத்தான் வெட்கம். எல்லோரும் பக்கத்தில் இருக்கிறவன் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

சொன்னது அந்த ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சி. "அக்கா, எனக்கு வேணாம்." அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அக்கா உடனே பையை எடுத்து மாட்டினார். "ரைட், திரும்பலாம்." நாலாயிரம் ரூபாய் ஷூ முணுமுணுத்தது. ஆனால் ரூல் ரூல்தான்.

திரும்பும்போதுதான் தெரிந்தது. காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, இப்போது முழங்காலுக்கு மேல் ஓடியது. ஒரு இடத்தில் ஓடை குறுகலாக இருந்தது. நாலே எட்டில் தாண்டிவிடலாம் என்று ஒருத்தன் இறங்கப் போனான். அண்ணா அவன் பையைப் பிடித்து இழுத்தார். நூறடி கீழே, ஓடை அகலமாகப் பரந்து ஓடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். குறுகலான இடத்தில்தான் ஆழமும் வேகமும் அதிகம்; அகலமான இடத்தில் அதே தண்ணீர் பரவி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டோம், விழுந்தால் பை நம்மைத் தண்ணீருக்குள் அமுக்கக் கூடாது. மூன்று மூன்று பேராகத் தோளைப் பிடித்துக்கொண்டு, கனமானவன் தண்ணீர் வரும் பக்கம் நிற்க, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தோம். ஒருத்தர் காலை எடுக்கும்போது மற்ற இருவரும் அசையக் கூடாது. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும் என்பார்கள். இறங்கிப் பார்த்தால்தான் அது ஏன் என்று புரிகிறது. கூழாங்கல் காலுக்கடியில் உருண்டு ஓடுவது தெரியும். அக்கரை சேர நாற்பது நிமிஷம். யாரும் ஜோக் அடிக்கவில்லை.

அடுத்த வருஷம், 2023 ஜூலையில், கொல்லூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அரிசினகுண்டி அருவியில் பாறை நுனியில் நின்ற 23 வயசு இளைஞர் வழுக்கி விழுந்து இறந்தார். நண்பர் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவில் அது பதிவானது. நாடு முழுக்க அந்த வீடியோ சுற்றியது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது. கீழே ஒருத்தரும் எதுவும் எழுதவில்லை. நாலாயிரம் ரூபாய் ஷூ மட்டும் அந்தத் தங்கச்சிக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். என்ன எழுதினான் என்று ரெண்டு பேருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

காட்டு அருவிதான் ஆபத்து என்றும் இல்லை. 2024 மே 17-ம் தேதி, நம்ம பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசு மாணவரை அடித்துப்போனது. மேலே மலையில் பெய்த மழை கீழே வர நேரமாகும். நீங்கள் நிற்கும் இடத்தில் பெரிதாக மழை இல்லை என்பது ஒரு சாட்சியே இல்லை. தண்ணீர் கலர் மாறுகிறதா, சருகு வருகிறதா, சத்தம் கனமாகிறதா... மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிடுங்கள். டவலை அப்புறம் எடுத்துக்கலாம்!

போகணும்னு ஆசை வந்துருச்சா?

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே நடக்க ஆசைப்பட்டால், 2024 அக்டோபரில் வனத்துறை ஆரம்பித்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகள். கொடசாத்ரி பக்கம் மழை வலுத்தால் வனத்துறை பாதையை மூடிவிடும். டிக்கெட் போடும் முன் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழை குறைந்து, அருவி வற்றாத அக்டோபர், நவம்பர் நல்ல சாய்ஸ்.

சாமான் விஷயத்தில் ரொம்ப அலட்ட வேண்டாம். அடி தேயாத ஷூ, முழங்கால் வரை வரும் காலுறை, மூங்கில் கம்பு, உப்பு, போனுக்கு ரெண்டு பிளாஸ்டிக் கவர், மாற்று டிரெஸ். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காலில் ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும்.

நிட்டூர் டீக்கடையில் ஷூவைக் கழற்றி அட்டைக் கணக்கு எடுத்தோம். அதிகபட்சம் 31. சாதனையாளர், எங்கள் பரதநாட்டியம்! கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி காபித்தூள் கொடுத்து, கசியும் இடத்தில் அழுத்தச் சொன்னார். அதை ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, நாங்கள் சோப்புப் போட்டுக் கழுவிப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டோம். காபித்தூளில் காபி போடச் சொன்னோம். கடித்த இடம் பத்து நாள் வரை அரிக்கும். சொறியாதீங்க!