கட்டிலோடு கட்டப்பட்ட முதுமை

முதியோர் இல்லங்களில் ஒருவரைக் கட்டிலிலோ நாற்காலியிலோ அசையவிடாமல் இருத்தி வைக்கும் இடுப்புப் பட்டை, மார்புக் கச்சை, மணிக்கட்டுக் கட்டு ஆகியவை உடல் கட்டுப்பாட்டுச் சாதனங்கள். அவரால் அகற்ற முடியாதபடி மடிக்குக் குறுக்கே பூட்டும் பலகையும் இதே வகைதான்.

1980களில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஏறத்தாழ 10 பேரில் 4 பேர் இப்படிக் கட்டப்பட்டனர். விழாமல் காக்கவே என்று காரணம் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. அசையாத கால்கள் விரைவில் வலுவிழக்கும். அவிழ்த்துவிட்ட பின் விழும் ஆபத்து கூடும். படுக்கைப் புண்ணும் மனக்குழப்பமும் சேர்ந்துகொள்ளும். மறதி நோயாளி, தன்னை ஏன் கட்டினார்கள் என்றே புரியாமல் திமிறுவார். அப்படி நழுவிச் சரிந்து, கச்சை இறுக்கி மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. காப்பு என்ற பெயரில் நேர்ந்த இச்சாவுகள் மிகக் கொடியவை.

1987இல் வந்த முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், தண்டனைக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ கட்டுவதைத் தடை செய்தது. சுமார் 20 ஆண்டுகளில் கட்டப்படுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேராகக் குறைந்தனர். முதியவர் எழ முயல்வதற்குக் காரணம் பெரும்பாலும் வலி, பசி, கழிப்பறை அவசரம்; அவற்றை நேரத்தோடு கவனிப்பதும், தாழ்வான கட்டிலும், தினமும் சிறிது நடையும் கட்டுகளுக்கு மாற்றாயின.