மூன்று பேருக்குக் குணமாயிற்றாம்!

அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் மாறுவதற்காகக் காத்திருந்தது உண்டா? அங்கே ஒரு தடவை இருமிப் பாருங்கள், வைத்தியம் இலவசம்! "இந்தக் கஷாயத்தைக் கொடுங்கள். எங்கள் தெருவில் மூன்று பேருக்குக் குணமாயிற்று" என்பாள் பக்கத்து பெஞ்சு அம்மாள்.

மூன்று பேர், சரி. எத்தனை பேரில்? நாலு பேர் குடித்து மூன்று பேருக்கு என்றால் ஒரு கதை; நாற்பது பேர் குடித்து மூன்று பேருக்கு என்றால் வேறு கதை. குணமாகாதவர்கள் ரயிலடிக்கு வந்து பிரசாரம் செய்வதில்லையே! கஷாயம் குடிக்காமலே எத்தனை பேருக்கு இருமல் நின்றது என்பதும் தெரிய வேண்டும். புள்ளி விவர சாஸ்திரத்தின் அரிச்சுவடி இவ்வளவுதான்.

இந்த அரிச்சுவடியை வைத்துச் சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அந்நாளில் க்ஷயரோகம் என்றால் சானடோரியம்தான் கதி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. படுக்கைகளோ போதவில்லை. குடும்பத் தலைவிக்கு நோய் வந்தால் குழந்தைகளை யார் பார்ப்பது? புது மாத்திரைகளை வீட்டிலேயே சாப்பிட்டால் போதாதா?

இதை அறிய 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு? டாக்டரே பொறுக்கினால், பாவம், மெலிந்தவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். பிறகு ஒப்பிட்டு என்ன பயன்? ஆகவே திருவுளச் சீட்டுப் போல, யார் விருப்பமும் கலவாமல் பிரித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம்.

வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்துள்ள சாப்பாடு இல்லை, இடநெருக்கடி வேறு. சானடோரியத்தார் எடை கூடினார்கள். ஆனால் நோய் அடங்கியவர்கள்? சானடோரியத்தில் நூற்றுக்கு 92; வீட்டில் 86.

"ஆறு குறைகிறதே!" என்கிறீர்களா? தாயம் ஆடத் தேய்த்து வைத்த புளியங்கொட்டைகளில் நூறை உருட்டுங்கள். ஒரு தடவை 46 வெள்ளை விழும். மறு தடவை 52 விழும். அதே விதைகள், அதே கைதான்! பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாதபோது ஆறு என்ற வித்தியாசம் அதிர்ஷ்டத்தாலேயே வரக்கூடும். சிறு வித்தியாசமே கிடையாது என்றும் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் எல்லோரும் பயந்த பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் இந்த முடிவு வெளியானது. பல நாடுகளில் வீட்டுச் சிகிச்சைக்கு இதுவே வழி திறந்தது.

தாய்மாரின் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: "குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?" அதையும் கணக்கெடுத்தார்கள். இரு சாரார் வீடுகளையும் ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. சிகிச்சை தொடங்குமுன் கூடவே இருந்த நாட்களில்தான் தொற்றுக்கு அதிக இடம் இருந்திருக்கிறது.