தட்டில் தங்கிய குரல்கள்

சமாதான காலத்தில், 2002ஆம் ஆண்டு, பன்னிரண்டு வருடங்களின் பின் வேலணையில் உள்ள எங்கள் காணிக்குப் போனோம். கூரை இல்லை. கதவு நிலைகளும் இல்லை. முற்றம் முழுக்கப் பற்றை. அதை வெட்டித் துப்புரவாக்கும்போது கறுப்பாக ஒரு துண்டு அகப்பட்டது. உடைந்த சட்டி ஓடு என்று எறியப் போனேன். அம்மா அதை வாங்கி, சீலைத் தலைப்பால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். மயிரிழை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தன.

"இது ஐயான்ரை பாட்டுப்பெட்டித் தட்டு பிள்ளை" என்றார்.

அம்மாவின் தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். தீவுப்பகுதியில் அந்நாளில் பல குடும்பங்களின் சீவியம் அப்படித்தான் நடந்தது. ஒருமுறை ஊருக்கு வரும்போது ஒரு கிராமபோன் பெட்டியும் சில தட்டுகளும் கொண்டுவந்தாராம். ஊரில் மின்சாரம் இல்லை. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தேவையுமில்லை. பக்கத்தில் உள்ள கைபிடியைச் சுற்றி உள்ளே இருக்கும் வில்லை முறுக்கிவிட்டால், தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுழலும். ஊசி கோட்டின் வழியே ஓடும். ஏறக்குறைய மூன்று நிமிடம் பாட்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். கையால் சுற்றிப் பாட்டுக் கேட்டது எமக்குப் புதினமாகத் தோன்றாது.

மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கச் செய்யும் கருவியை அமெரிக்காவில் எடிசன் 1877இல் செய்தார். பத்து வருடங்களின் பின் எமில் பெர்லினர் என்பவர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி கண்டார். தட்டுகள் செய்ய முக்கியமாகத் தேவைப்பட்டது அரக்கு. இந்தியாவில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தருவது அது. அதனால்தான் அந்தத் தட்டுகள் விழுந்தால் சட்டி போல உடைந்தன.

1902ஆம் ஆண்டு பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவருக்குப் பாடிக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் கௌஹர் ஜான் என்ற பெண். அப்போது மைக் கிடையாது. 1925 அளவில்தான் மின்சார மைக் ஒலிப்பதிவுக்கு வந்தது. அதுவரை பாடுபவர் ஒரு பெரிய புனலின் வாயருகே முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வு ஊசியை அசைக்க, ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும்.

கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லுவார். பதிவு ஜேர்மனியில் உள்ள ஹனோவருக்குக் கப்பலில் போய்த்தான் தட்டாகும். அங்குள்ள தொழிலாளருக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டுமே! அதற்காகச் சொன்ன பெயர், நூறு வருடங்களுக்கு மேலாகியும் அவருடைய வாயாலேயே கேட்கிறது.

அக்காலப் பெரிய வித்துவான்கள் சிலர் இந்தக் கருவிக்குப் பாடத் தயங்கினார்கள். தயங்காமல் வந்தவர்களில் பலர் பெண்கள். 'மதிப்பான' குடும்பத்துப் பெண்கள் சபையில் பாடாத காலம் அது. பாடியவர்கள் தேவதாசி மரபிலும் வடக்கே அதைப் போன்ற ஆடல் பாடல் மரபிலும் வந்தவர்கள். அவர்களுடைய பாட்டை விரும்பிய ஊர், அவர்களை மதிக்கவில்லை. ஆனால் தட்டில் குரல் ஏறிவிட்டது. கோயம்புத்தூர் தாயி என்ற தமிழ்ப் பெண்ணின் இசைத்தட்டைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ், அதைத் தழுவி 'ராகமாலிகா' என்று ஓர் இசையை அமைத்தார். அமெரிக்காவில் 1920இல் மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்ணின் பாட்டுத் தட்டு அமோகமாக விற்ற பிறகுதான், மற்றக் கறுப்பினப் பாடகிகளையும் கம்பனிகள் தேடிப் போயின.

எம் எல்லோருக்கும் தெரிந்த கே. பி. சுந்தராம்பாளையும் நினைக்க வேண்டும். அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் நாடக மேடையிலும் இசைத்தட்டிலும் புகழ் பெற்றவர்கள். 1933இல் கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயதுதான். வெள்ளைச் சீலை உடுத்தார். ஆனால் குரலை மூடி வைக்கவில்லை. 1953இல் ஔவையாராக நடித்துப் பாடினார். கணவனை இழந்தவள் மூலையில் இருக்க வேண்டும் என்று சொன்ன சமூகம், அவருடைய பாட்டைக் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்டது.

இப்படி உலகத்தின் குரல்களெல்லாம் தட்டில் தங்கின. எங்கள் அம்மாவின் குரல் தங்கவில்லை. அவருடைய தாலாட்டை எம் ஊரில் பல பிள்ளைகள் கேட்டு உறங்கினார்கள். செத்த வீட்டில் அவர் ஒப்பாரி சொன்னால் கல்லும் கரையும் என்பார்கள். 2011இல் அவர் கண்மூடினார். படம் இருக்கிறது. குரல் இல்லை. பதிந்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் அயலில் உள்ள ஒரு சகோதரி. அவருடைய கணவர் 1996இல் காணாமற் போனவர். அதற்கு முன் வெளிநாட்டில் இருந்த தம்பிக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசற்றில் பேசி அனுப்பியிருந்தார். தம்பி அதைப் பல வருடங்களின் பின் அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தார். போட்டால் அறுந்துவிடும் என்ற பயத்தில், சீலைக்குள் சுற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் அதைக் கைத்தொலைபேசிக்கு மாற்றினோம். "சித்தப்பாவுக்கு ஏதாவது சொல்லு பிள்ளை" என்று அவர் சொல்ல, ஒரு குழந்தை சிரிப்பது கேட்டது. அந்தக் குழந்தை இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். தகப்பன் தன்னை அழைத்த குரலை அன்றுதான் கேட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கசற் இருக்கலாம். கடற்காற்றும் ஈரமும் அதற்கு எதிரி. உலர்ந்த இடத்தில், ஒலிபெருக்கிக்கும் காந்தத்துக்கும் தூரமாக வையுங்கள். மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதியாது. நாடாவில் பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்திருந்தால் போட்டுப் பார்க்காமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றிய பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் எம்மவரின் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறது. விரும்பினால் அவர்களிடமும் கொடுக்கலாம். வீட்டோடு வைத்திருப்பதும் உங்கள் உரிமை.

கசற் இல்லாதவர்கள் இன்றே தொடங்கலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பழைய தாலாட்டும் ஊஞ்சற் பாட்டும் தெரிந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் கைத்தொலைபேசியை வாங்கி, ஆச்சியிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு பதியுங்கள். பாட்டு முடிந்ததும் அவருடைய பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அந்தக் கறுப்புத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதில் யார் பாடினார் என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.